அப்பாவுக்குப் பிரசங்கம் செய்யத் தெரியாது

ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம். அன்றைக்கு எங்கள் பக்கத்துச் சபைகளில் ஏறக்குறைய ஒரே பிரசங்கம்தான். யோசுவா 24-ஆம் அதிகாரம், 15-ஆம் வசனம்: “நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்.” ஆண்களையெல்லாம் எழுந்து நிற்கச் சொல்வார்கள். குடும்பத்துக்குத் தலைவன் நீ, வீட்டுக்கு ஆசாரியன் நீ என்று ஆயர் குரலை உயர்த்துவார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வந்து ஆளுக்கொரு பேனா கொடுப்பார்கள். அத்தோடு அடுத்த ஜூன் வரைக்கும் அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போய்ப் பார்த்தால் ஆலயம் முழுக்கச் சேலை முந்தானைகள். ஆண்கள் மனைவியை பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கடைசி ஆமென் சொல்லும்வரை எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலும் இதே கதைதான். பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்து வேதம் வாசிப்பது அம்மா. வாக்குத்தத்த வசனத்தை மனப்பாடம் செய்யவைப்பது அம்மா. அப்பா அந்த நேரம் பார்த்து மோட்டார் போட வாசலுக்குப் போய்விடுவார்.

இதற்குச் சோம்பல், உலக ஆசை, கைப்பேசி என்று மேடையில் பல காரணங்கள் சொல்கிறார்கள். எனக்கு அவற்றில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் நான் பழகிய கிறிஸ்தவ அப்பாக்களில் பெரும்பாலோர் விசுவாசம் இல்லாதவர்கள் அல்லர். அவர்களுக்கு வெட்கம். மனைவி மக்கள் முன்னால் வாய்திறந்து ஜெபிக்க வெட்கம். மூச்சுவிடாமல் முக்கால் மணி நேரம் பேசும் கன்வென்ஷன் பிரசங்கியார்களையும், தொலைக்காட்சியில் கண்ணீர் வழிய ஜெபிக்கிறவர்களையும் பார்த்துவிட்டு, ஜெபம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது, அது நமக்கு வராது என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் விலை பேசுவதைக்கூடத் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே முடித்துவிடுகிற மனிதர்கள் இவர்கள். இவர்களைப் பார்த்து, நீ உன் வீட்டுக்குப் பிரசங்கியார் என்றால் என்ன செய்வார்கள்? டீக்கடைக்குத்தான் போவார்கள்.

என் அப்பாவுக்கும் பிரசங்கம் செய்யத் தெரியாது. சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றதால் காது பாதி மந்தம். அதனால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார், உரக்கத்தான் வாசிப்பார். ஷிப்ட் முடிந்து வந்ததும் குளித்துவிட்டுச் சாப்பிடுவார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் புருவத்தில் இரண்டு இழை பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். தோளில் கிடக்கும் துண்டை மடித்துப் பக்கத்தில் வைப்பார். பழைய வேட்டித் துணியில் சுற்றிய வேதாகமத்தை எடுத்துப் பிரிப்பார். நேற்று நிறுத்திய இடத்தில் போன வருஷத்து வாக்குத்தத்த அட்டை செருகியிருக்கும். ஆள்காட்டி விரலை எழுத்துக்கடியில் வைத்து, விரல் நகர நகர வாசிப்பார். நகக்கண்ணில் தறி எண்ணெய்க் கறுப்பு.

இரவுக்கு ஓர் அதிகாரம். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரைக்கும் வரிசையாக. எதையும் தாண்டிப் போகமாட்டார். எங்கள் வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள், ஒரு சுற்று முடிய மூன்றேகால் வருஷம் ஆகும். லேவியராகமத்தில் குஷ்டரோகத்தைச் சோதிக்கும் நீண்ட அதிகாரங்களையும் முழுக்க வாசித்தார். நாளாகமத்து வம்ச அட்டவணைகளில் ஒரு பேரைக்கூட விட்டதில்லை. ஏசாயாவில் மகேர்-சாலால்-அஷ்-பாஸ் என்ற பெயர் வந்தபோது மூன்று முறை தடுக்கி விழுந்து, நான்காவது முறை சரியாகச் சொல்லிவிட்டு எங்களைப் பெருமையாகப் பார்த்தார். சங்கீதம் 117 வரும் இரவு எங்களுக்குப் பண்டிகை, இரண்டே வசனம். அடுத்தடுத்து 119 வந்து அதற்கும் சேர்த்து வட்டி வாங்கிவிடும், 176 வசனம். அன்றைக்கு நாங்கள் பாயிலேயே சாய்ந்து தூங்கிவிட்டாலும் அவர் நிறுத்தமாட்டார், எழுப்பவும் மாட்டார்.

வாசித்து முடித்தால் விளக்கம் ஒன்றும் கிடையாது. எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். பிறகு மண்டியிட்டு அவர் ஜெபிப்பார். தினமும் அதே வார்த்தைகள், அதே வரிசை. முதலில் அப்பத்தா, பிறகு கட்டிக்கொடுத்த அத்தைகள், தறி முதலாளி, கூட வேலை செய்கிறவர்கள், மழை, வீட்டு எருமை, கடைசியில் நாங்கள், பெரியவளிலிருந்து சின்னவன் வரைக்கும். ஒரு நாள் எருமையை விற்றாயிற்று. அதற்குப் பிறகும் சில வாரங்கள் அது ஜெபத்தில் இருந்தது. யாரும் சிரிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். மாகாளியம்மன் கோயிலுக்குத் தவறாமல் விளக்கு வைக்கிறவர். அப்பாவின் குரல்தான் தெருவுக்கே கேட்குமே. எண்ணாகமம் 22 வாசித்த மறுநாள் காலையில் தண்ணீர்க் குழாயடியில் என் அக்காவைப் பிடித்துக்கொண்டார். “ஏன் கண்ணு, நேற்று உங்களய்யன் வாசித்தாரே, பேசுகிற கழுதை, அதற்கப்புறம் என்ன ஆயிற்று?” இன்றைக்கு ராத்திரி தெரியும் என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள். அன்றிரவு 23-ஆம் அதிகாரத்தில் கழுதை வரவே இல்லை. பிலேயாமும் பாலாக்கும் பலிபீடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு ஏமாற்றம்.

அப்பாவின் ஜெபம் ‘ஆவியில் நிறைந்த’ ஜெபம் அல்ல என்று ஒரு வீட்டுக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். சுயமாக, உள்ளத்திலிருந்து வார்த்தைகள் வரவேண்டுமாம். அப்பா பதில் பேசவில்லை, மறுநாளும் அதே வார்த்தைகளைச் சொன்னார். சுயமான வார்த்தைகளுக்கு நான் எதிரி அல்ல. வருகிறவர்களுக்கு வரட்டும். ஆனால் வராதவன் தன் வீட்டில் ஜெபத்தை நடத்தத் தகுதியில்லாதவன் என்ற எண்ணம் எங்கிருந்தோ நம்முள் புகுந்துவிட்டது. திருச்சபையின் சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை.

1520-களின் இறுதியில், ஜெர்மனியில் சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனார். ஜனங்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூட, நாங்கள் சொல்லும் அதே பரமண்டல ஜெபம்கூடத் தெரியவில்லை, குருமார்கள் பலருக்கே கற்பிக்கத் தெரியவில்லை என்று கண்டு நொந்துபோய்த் திரும்பினார். அதன் விளைவாக 1529-இல் ஒரு சின்ன ஞானோபதேச நூல் எழுதினார். பத்துக் கட்டளைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து. ஒவ்வொன்றின் தலைப்பிலும், குடும்பத் தலைவன் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாக எப்படிக் கற்றுத்தர வேண்டும் என்று போட்டிருந்தார். கேள்வியும் அவரே எழுதினார், பதிலும் அவரே எழுதினார். உழவனும் செருப்புத் தைப்பவனும் அதைச் சொல்லவைத்தால் போதும். காலையில் எழுந்ததும் சொல்ல ஒரு சிறு ஜெபம், படுக்கும்போது ஒரு சிறு ஜெபம். இரவு ஜெபத்தைச் சொல்லிவிட்டு உடனே நிம்மதியாகத் தூங்கிவிடு என்றும் எழுதியிருக்கிறார். எனக்கு லூத்தரிடம் மிகவும் பிடித்த வரி அதுதான்.

பேச்சு வராத அப்பாக்களுக்குப் பேச்சைக் கையில் எழுதிக் கொடுத்தார் அந்த மனிதர். நாம் என்ன செய்கிறோம்? பேச்சு வராதவனை எழுந்து நிற்கவைத்துப் பேனா கொடுக்கிறோம்.

வீட்டில் அப்பா நடத்தும் ஜெபம் எங்கள் வட்டாரத்துக்கும் புதிதல்ல. கோயம்புத்தூரில் லண்டன் மிஷன் ஊழியம் 1830-இல் தொடங்கியது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் ஏ.ஜே. அப்பாசாமி கோயம்புத்தூரின் பேராயரானார். அவர் பக்தி மார்க்கத்தைக் கிறிஸ்தவத்தோடு சேர்த்து யோசித்த அறிஞர், சைவத்திலிருந்து கிறிஸ்தவரான ஒரு தகப்பனுடைய மகன். பேராயர்கள் மாறினாலும் கிராமத்து நிலவரம் ஒன்றுதான். ஒரு சேகரத்தில் பல ஊர்கள், அத்தனைக்கும் ஓர் ஆயர். மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்துக்கு வருவார், மற்ற நாட்களில் ஆயருக்குப் பதிலாக ஆராதனை நடத்தும் உபதேசியார். உபதேசியாரும் இல்லாத ஊரில், பாயை விரித்துப் பிள்ளைகளோடு உட்காருகிற அப்பாவும் அம்மாவும்தான் சபை.

உட்காருவதற்கு அப்பா வீட்டில் இருக்க வேண்டுமே என்பீர்கள். அது நியாயமான கேள்வி. கொங்கு நாட்டு ஆண்கள் வேலைக்காக வீட்டைவிட்டு விலகியிருக்கும் அளவுக்கு வேறெங்கும் இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். நாமக்கல் லாரி வடநாட்டுக்குப் போனால் திரும்ப வாரங்கள் ஆகும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி மாதக்கணக்கில் வெளியூரில் கிடக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவார். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஓய்வு என்று பேர். ஷிப்மென்ட் நெருங்கினால் ஞாயிறும் மிஷின் ஓடும். ‘பிள்ளைகளோடு நேரம் செலவிடுங்கள்’ என்று ஆயர் சொல்லும்போது, பின்வரிசையில் கட்டிங் மாஸ்டர் ஒருவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

என் மாமா ஒருவர், அம்மாவின் தம்பி, போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறார். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று வண்டி சுற்றும். அவர் வீட்டில் இரவு எட்டரைக்கு ஜெபம். அத்தை கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பாய் நடுவில் ஒரு டம்ளர்மேல் சாய்த்து வைப்பார். மகள் வேதம் வாசிப்பாள். மாமா அந்தப் பக்கம் வண்டியிலிருந்து விலகி நின்று கேட்டுக்கொண்டிருப்பார், பின்னால் கம்ப்ரெசர் இரைந்துகொண்டிருக்கும். பரமண்டல ஜெபத்தில் அவர் குரல் எப்போதும் அரை நொடி பிந்தித்தான் வரும். எங்களுக்கு ‘ஆமென்’ முடிந்த பிறகு அவருடைய ‘ஆமென்’ தனியாக வந்து சேரும். பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். டவர் கிடைக்காத நாட்களில், அதே நேரத்துக்கு அங்கே நானும் சொல்லிவிடுகிறேன் என்று முன்பே சொல்லிவைத்திருக்கிறார். மாமா உண்மையிலேயே சொல்கிறாரா, பீடி பிடிக்கிறாரா என்று அத்தைக்குச் சந்தேகம் உண்டு. பிள்ளைகளுக்குச் சந்தேகமில்லை.

திருப்பூர்க்காரர்களுக்குப் பொருத்தமான இன்னொரு தகப்பன் ஸ்காட்லாந்தில் இருந்தார். பெயர் ஜேம்ஸ் பேட்டன். டோர்தோர்வால்ட் என்ற சிற்றூரில் காலுறை பின்னிப் பிழைத்தவர். பதினொரு பிள்ளைகள். வீட்டின் ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் காலுறைத் தறிகள், நடுவில் ஒரு கட்டிலும் மேசையும் நாற்காலியும் மட்டும் கொள்ளும் சின்ன அறை. சாப்பாடு முடிந்ததும் தகப்பன் அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். சில சமயம் குரல் நடுங்குவது கதவைத் தாண்டிக் கேட்கும். அடிமேல் அடி வைத்து ஓசைப்படாமல் கடந்து போவார்களாம். காலையும் மாலையும் குடும்ப ஜெபத்தை அவர் சாகும்வரை விட்டதில்லை. 1824-இல் பிறந்த அவருடைய மூத்த மகன் ஜான், பிற்காலத்தில் பசிபிக் தீவுகளுக்கு மிஷனரியாகப் போனார். தகப்பனைப் பற்றி அவர் எழுதியதில் பிரசங்கத்தைவிட அந்தச் சாத்திய கதவுதான் பெரிதாக நிற்கிறது. ஐந்தாறு தறி ஓடும் வீட்டில் பதினொரு பிள்ளைகளுக்கு நடுவே அந்த மனிதருக்கு ஓர் அறை கிடைத்திருக்கிறது. நமக்கு மூன்று படுக்கையறை இருந்தும் இடமில்லை என்கிறோம். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜெபம் நடத்தும் அப்பாக்கள் எல்லோரும் நல்லது செய்கிறார்கள் என்றும் நான் சொல்ல வரவில்லை. என் சித்தப்பா ஒருவருக்குச் சரளமாக ஜெபம் வரும். ஆனால் பகலில் நேராகச் சொல்லாத திட்டுகளையெல்லாம் இரவில் ஆண்டவர் வழியாகச் சொல்லுவார். “கணக்கில் முப்பத்தெட்டு மார்க் வாங்கியிருக்கிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும், தகப்பனே. தாயை எதிர்த்துப் பேசுகிற அந்த நாவை அடக்கும்.” ஆண்டவருக்கு மார்க் தெரியாதா என்ன! மண்டியிட்டுக் கண்ணை மூடியிருக்கும் பிள்ளை எழுந்து ஓடவும் முடியாது, பதில் சொல்லவும் முடியாது. பக்கத்தில் இருக்கிற தம்பி தங்கைகள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார்கள். அந்த வீட்டு மூத்த மகளுக்கு இப்போது கல்யாணமாகிக் குழந்தைகளும் இருக்கிறார்கள். இன்றைக்கும் யாராவது ‘ஜெபிப்போம்’ என்றால் அவள் ஒரு கண்ணைத் திறந்தேதான் வைத்திருப்பாள்.

எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் தகப்பன்மாருக்குச் சொல்வது ஒரே வசனம். அதிலும் முதல் பாதி தடை: “உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்.” அதற்குப் பிறகுதான் சிட்சையும் போதனையும் வருகின்றன. கொலோசெயர் நிருபத்தில் தகப்பன்மாருக்கு அந்தத் தடை மட்டும்தான், பிள்ளைகள் திடனற்றுப்போவார்கள் என்று காரணத்தோடு. தந்தையர் தினப் பிரசங்கங்களில் இந்த முதல் பாதியை நான் அதிகம் கேட்டதில்லை. தலைவன், ஆசாரியன் என்ற பட்டங்களைக் கொடுத்துவிட்டுக் கோபத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால், ஏற்கெனவே வீட்டில் அதட்டிப் பழகிய மனிதனுக்கு வேதத்தையும் ஒரு பிரம்பாக எடுத்துக் கொடுத்ததாகிவிடும். என் அப்பாவுக்கும் கோபம் வரும். ஆனால் ஜெபப் பாயில் அவர் யாரையும் திட்டியதில்லை. திட்டுவதற்கு அவரிடம் வார்த்தையே இல்லையே, எல்லா இடத்தையும் அப்பத்தாவும் எருமையும் பிடித்துக்கொண்டிருந்தன.

யோசுவாவின் அந்த வசனம் எங்கள் ஊரில் வீட்டு வாசல்களில் டைல்ஸில் பதித்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். யோசுவாவின் வீட்டார் யார்? மனைவி பெயர் என்ன, பிள்ளைகள் எத்தனை பேர்? வேதத்தில் ஒரு சொல்லும் இல்லை. நாளாகமத்து வம்ச வரிசை அவனோடு நின்றுவிடுகிறது. அடுத்த புத்தகமான நியாயாதிபதிகளின் இரண்டாம் அதிகாரத்திலேயே, கர்த்தரை அறியாத வேறொரு சந்ததி எழும்பிற்று என்று வருகிறது. சீகேமில் இஸ்ரவேலர் கூட்டத்தின் முன்னால் யோசுவா உரக்கச் சொன்ன வார்த்தை அருமையான வார்த்தைதான். ஆனால் பிள்ளைகளிடம் அது எப்படிப் போய்ச் சேரும் என்பதைச் சொல்லும் வசனம் வேறு இடத்தில், உபாகமம் ஆறில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும். டைல்ஸில் பதிக்க அது சற்று நீளம்.

பவுலோடு ஊழியம் செய்த இளைஞன் தீமோத்தேயுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவனுடைய விசுவாசம் பாட்டி லோவிசாளிடமிருந்தும் தாய் ஐனிக்கேயாளிடமிருந்தும் வந்தது என்று பவுல் பேர் சொல்லி எழுதுகிறார். தகப்பன் கிரேக்கன், அவன் பேர்கூட இல்லை. எங்கள் பக்கம் அப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவர் பங்குனியில் பண்ணாரியில் குண்டம் இறங்குகிறவர். ஞாயிறுதோறும் மனைவியையும் பிள்ளைகளையும் ஆலய வாசலில் இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் தினத்தந்தி படித்துக்கொண்டிருப்பார். மழை நாளிலும் தவறியதில்லை. அந்த அம்மாவிடம் போய், உங்கள் வீட்டில் ஆசாரியன் இல்லை என்று சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. விதவைகளும், கணவன் கைவிட்ட பெண்களும் பாதிச் சபையாக உட்கார்ந்திருக்கும் இடத்தில், தகப்பன் இல்லாமல் விசுவாசம் இல்லை என்கிற தொனியில் பேசுவது கொடுமை. தகப்பன் இருக்கிற வீட்டில் அவர் மோட்டார் போடப் போய்விடுகிறாரே என்பதுதான் என் வழக்கு. அவரைப் பாய்க்குக் கொண்டுவர என்ன வழி என்பதைத்தான் கேட்கிறேன்.

இதைப் போன மாதம் சேகரக் குழுவில் சொன்னேன். இந்த வருஷம் பேனாவுக்குப் பதில் ஆண்களுக்கு ஒரு மடிப்பு அட்டை அச்சடித்துக் கொடுக்கலாம் என்றேன். ஒரு பக்கம் பரமண்டல ஜெபம், ஒரு பக்கம் மாலை ஜெபம் நாலே வரி, பின்பக்கம் வேத அட்டவணை. நாலாவது பக்கத்தில் வெறும் கோடுகள், வீட்டார் பேரையும் வேண்டியவர்கள் பேரையும் அவரவரே எழுதிக்கொள்ள. பொருளாளர் அச்சுக் கூலி எவ்வளவு என்றார். பெண்கள் ஐக்கியத்துத் தலைவி, கோடு போட்டுக் கொடுத்தால் இவர்கள் எழுதமாட்டார்கள், நாங்கள்தான் எழுத வேண்டியிருக்கும் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. ஆயர், நல்ல யோசனை, அந்த நாலு வரியை நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள் என்று என் தலையில் கட்டிவிட்டார்.

எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் வரைவு பதினொரு வரி வந்துவிட்டது. அதில் ஏழு வரியை வெட்ட வேண்டும். தெய்வ வசனம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள், வேலைக்களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஜூன் வருவதற்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.